மாத்திரைக்கு ஒன்றுவிட்ட அண்ணன்

ஜூன் 4

தம்பி,

நீ போனை வைத்துவிட்டாய். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன். பேசினால் நான் பாதியில் நிறுத்திவிடுகிறேன், நீ பாதியில் வைத்துவிடுகிறாய். தாளில் இரண்டுக்கும் வசதி குறைவு.

முதலில் அந்த நாய் விஷயம். நீ இங்கே வந்திருந்தபோது என் கிளினிக்கில் ஒரு கிழ நாய் இருந்தது. சிறுநீரகம் போய், எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தது. வளர்த்தவர் உள்ளே வர மறுத்து வாசலிலேயே நின்றுவிட்டார். அதனால் நீதான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டாய். ஊசி போட்டேன். ஒரு பெருமூச்சு, அதன் பிறகு ஒன்றுமில்லை. "இவ்வளவுதானா? இது என்ன மருந்து, அக்கா?" என்று கேட்டாய். நான் கையைக் கழுவிக்கொண்டே, "உன் மாத்திரைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்" என்றேன்.

நாள் முழுக்க விலங்குகளோடு இருப்பவளின் நகைச்சுவை அப்படித்தான் இருக்கும். நீ சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய் போனில் கேட்டாய்: "நாயைக் கொல்ற மருந்தைத்தான் சின்ன வயசுலேருந்து எனக்குக் குடுத்துட்டிருக்கீங்களா?"

பதிலைக் கேட்காமல் வைத்துவிட்டாய். பதில் இதுதான். பார்பிட்யூரேட் என்பது ஒரு பெரிய மருந்துக் குடும்பம். மூளையின் ஓட்டத்தைத் தணிப்பது அவற்றின் வேலை. அதில் ஒன்று அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஆளை மயக்கும். ஒன்றைத் தூக்கம் வராதவர்களுக்கு ஒரு காலத்தில் தாராளமாகக் கொடுத்தார்கள். ஒன்று என் அலமாரியில் பூட்டுப் போட்டு இருக்கிறது. உன்னுடையது ஃபீனோபார்பிட்டோன். அது நிதானமான ஆள். உடம்பில் நாள்கணக்கில் தங்கி, வலிப்பு வராமல் காவல் இருக்கும். ஒரே குடும்பம் என்பதற்காக எல்லாருக்கும் ஒரே குணமா? நம் வீட்டையே எடுத்துக்கொள்.

போனை வைப்பதற்கு முன் மாத்திரையை நிறுத்தப்போவதாகச் சொன்னாய். நிறுத்தாதே. உன் மூளை இத்தனை வருடமாக அந்த மருந்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. சட்டென்று எடுத்தால் பழைய வலிப்பு திரும்பும், பழையதைவிட மோசமாக.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. தையல்காரரின் நாயை உனக்கு நினைவிருக்கும், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் வாதாடுவதால் வக்கீல் என்று பெயர். அதற்கும் வலிப்பு, அதற்கும் உன் மாத்திரைதான். போன வாரம் தையல்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "குரைக்கவே மாட்டேங்குது டாக்டர். யார் வந்தாலும் கேஸை வாபஸ் வாங்கின மாதிரி படுத்துக்குது. இது என் நாயே இல்ல" என்றார். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தேன், சற்று அதிகம். கொஞ்சம் குறைத்துக் கொடுத்து, பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பதில் எழுது.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே எழுத நினைத்தேன். நான் எதையும் உடனே செய்வதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அச்சகத்தில் சட்டப் புத்தகம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மெய்ப்புத் திருத்துகிறேன். அங்கே என்னை ஆமை என்று கூப்பிடுகிறார்கள். கேலிதான், ஆனால் அன்பான கேலி. மெதுவாகப் படிப்பவன் கண்ணில்தான் பிழை படும் என்று மேலாளர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். மெதுவாக இருப்பது என் திறமை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது மாத்திரையின் திறமை என்று நான் நினைக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மா என் எதிரில் மாத்திரையை வைத்துவிட்டு நான் விழுங்கும்வரை நிற்பாள். அப்பா மாடிப்படியில் என் பின்னாலேயே வருவார். நீ உன் தோழிகளிடம் "தம்பி தூங்கறான், மெதுவா பேசுங்க" என்பாய். சில சமயம் நான் தூங்கியிருக்க மாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். நம் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நான் தூங்கினால்தான் எல்லாருக்கும் நிம்மதி. இப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நான் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நாயின் தலை என் கையில்தான் கனத்தது. அந்தக் கனம் எனக்குப் பழக்கமானது. தினமும் மத்தியானம் என் தலை அப்படித்தான் கனக்கிறது.

என் டாக்டர் என் முகத்தைப் பார்த்ததில்லை. சீட்டைப் பார்த்தபடியே "ஃபிட்ஸ் வரலையே? அப்ப அதையே போடுங்க" என்பார். நீ அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன். வக்கீலுக்கு இரத்தம் பார்க்கிறாய், குறைக்கிறாய், பொறுத்துப் பார்க்கச் சொல்கிறாய். எனக்கு ஒரே வார்த்தை: நிறுத்தாதே. நாய்க்கு நியாயம், தம்பிக்கு உத்தரவு.

இந்த மாத்திரை இல்லாவிட்டால் நான் யாராக இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒருமுறையாவது.

தம்பி


ஜூன் 24

தம்பி,

நீ எழுதியதில் பாதி நியாயம். அந்தப் பாதியை முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

மாத்திரை உன்னை மந்தமாக்கியிருக்கலாம். இத்தனை வருடம் சாப்பிட்டால் நினைவு மங்கும், எலும்பு மெலியும், மனம் சோரும். இவையெல்லாம் புத்தகத்தில் இருப்பவை, உன் கற்பனை இல்லை. இப்போது வேறு மருந்துகளும் வந்துவிட்டன. ஆகவே டாக்டரை மாற்று. நரம்பியல் பார்க்கும், உன் முகத்தையும் பார்க்கும் ஒருவரைக் கண்டுபிடி. அவர் கணக்கிட்டுக் குறைப்பார். நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவள் இல்லை. வக்கீலுக்கு நியாயம் கிடைத்ததற்குக் காரணம், அது எனக்குத் தம்பி இல்லை என்பதுதான்.

மறுபாதிக்கு வருகிறேன். அத்தையை உனக்கு லேசாக நினைவிருக்கலாம். பின்கட்டு அறையில் வானொலியைத் தாழ்த்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தூக்கம் வராது. அந்தக் காலத்து டாக்டர் இந்த மருந்துக் குடும்பத்து மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். முதலில் ஒன்று போதுமாக இருந்தது. பிறகு அதே தூக்கத்துக்கு உடம்பு கூடுதலாகக் கேட்டது. இந்த மருந்துகளில் தூங்கவைக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் நடுவே இருக்கும் சந்து மிகக் குறுகல். அரைத் தூக்கத்தில், சாப்பிட்டோமா இல்லையா என்ற நினைவே மங்கி, மறுபடி சாப்பிட்டிருக்கிறாள். மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னார்கள். உனக்கும் அதையேதான் சொன்னார்கள். எனக்கும்தான். கல்லூரியில் மருந்தியல் பாடம் படிக்கும்போது ஒரு பக்கத்தில் அத்தையை அடையாளம் கண்டுகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கூடினால் அப்படி, சட்டென்று நின்றால் வேறு மாதிரி. இரண்டு பக்கமும் பள்ளம். அதனால்தான் உத்தரவு போட்டேன். எனக்குப் பயம் வந்தால் மட்டும்தான் நான் உத்தரவு போடுவேன்.

இன்னொன்று. 'நான் யார்' என்ற கேள்விக்கு மாத்திரையை நிறுத்தினால் பதில் கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மாத்திரையே சாப்பிடாத எனக்கும் அந்தப் பதில் கிடைத்தபாடில்லை. கிளினிக்கைப் பூட்டிவிட்டு மேலே வருகிறேன், விளக்கைப் போடுகிறேன், ஒரு தட்டைக் கழுவுகிறேன். என்னுடைய முழு விழிப்பு இவ்வளவுதான். நீ பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.

டாக்டரைப் பார்த்தாயா என்று எழுது.

அக்கா


ஜூலை 12

என் அருமை அக்கா,

இன்று உனக்கு ஒரு புத்தகமே எழுதலாம் போல இருக்கிறது. என் அறைக்குக் கீழே ஜெராக்ஸ் கடை இருக்கிறதே, அந்த இயந்திரம் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு குரலில் பேசும் என்பது உனக்குத் தெரியுமா? இத்தனை வருடம் அதன் தலைமேல் குடியிருந்தும் எனக்குத் தெரியவில்லை. படம் உள்ள பக்கம் என்றால் முனகுகிறது, வெற்றுத்தாள் வந்தால் நிம்மதியாக மூச்சு விடுகிறது. எதிர்வீட்டுக் கதவு பச்சை! சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டப் புத்தகத்தை முடித்துவிட்டேன். மேலாளர் நம்பாமல் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "என்னப்பா, ஆமைக்கு ரெக்கை முளைச்சிடுச்சா?" என்றார். "ஓடு கழண்டுடுச்சு சார்" என்றேன். அச்சகமே சிரித்தது, அக்கா. நான் சொன்ன ஒன்றுக்கு ஒரு கூடமே சிரித்தது இதுதான் முதல் தடவை. அவர்கள் சிரித்து முடித்து வேலைக்குத் திரும்பிய பிறகும் நான் அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏணியில் ஏறினேன்! அப்பா கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? மொட்டைமாடித் தொட்டிக்கு மேலே போய் நின்று தெரு முழுவதையும் பார்த்தேன்.

நேற்று ஒன்று திரும்பி வந்தது. எனக்கு வலிப்பு தொடங்குவதற்கு முன்னால், பள்ளிக்கூட மைதானத்தில் நீ எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தாய். சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு "விடமாட்டேன் போடா, மிதி" என்று கத்தினாய். நான் மிதித்தேன். வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் நீ எங்கோ புள்ளியாக நின்றாய். எப்போதோ விட்டிருக்கிறாய். அந்தக் காற்று, அந்தச் செம்மண் வாசனை, உன் ரிப்பன் நிறம்கூடத் திரும்பி வந்தது. இத்தனை காலம் இது எங்கே இருந்தது? யார் பூட்டி வைத்தார்கள்?

தூக்கம்தான் வரவில்லை. வராவிட்டால் போகட்டும், ஒரு ஆயுளுக்கு வேண்டியதை ஏற்கெனவே தூங்கி முடித்துவிட்டேன். தேநீர்க் கோப்பை தட்டில் தாளம் போடுகிறது, அதனால் டம்ளரில் குடிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. உள்ளங்கை வியர்த்துத் தாள் ஒட்டிக்கொள்கிறது. இன்று காலை தோள் தானாக ஒரு துள்ளு துள்ளி, தேநீர் முழுக்க மெய்ப்பின் மேல் கொட்டிவிட்டது. நரம்பெல்லாம் ஒரேயடியாக விழித்துக்கொண்டுவிட்டன போல. விழிக்கட்டும்!

நீ எப்போது வருகிறாய்? வந்தால் பேசிக்கொண்டே இருக்கலாம்.

முன்னாள் ஆமை


ஜூலை 15

தம்பி,

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. சிரித்தேன். கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார், நான் சிரித்து அவர் பார்த்ததில்லை. இரண்டாம் முறை படித்தேன், மறுபடியும் சிரித்தேன். மூன்றாம் முறை படிக்கும்போதுதான் கோப்பையும் வியர்வையும் தோளும் கண்ணில் பட்டன. இவையெல்லாம் எனக்குத் தெரிந்த அறிகுறிகள், தம்பி. வளர்ப்பவர்கள் தாமாக மருந்தை நிறுத்திவிட்டுக் கொண்டுவரும் நாய்களிடம் பார்த்திருக்கிறேன். அவையும் முதலில் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும்.

நீ நிறுத்திவிட்டாய். உனக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அச்சகத்துக்குச் செய்தேன், இன்று நீ வேலைக்கு வரவில்லையாம்.

நான் வந்து சேரும்போது நீ அறையில் இல்லாவிட்டால் இதைக் கதவுக்குக் கீழே போட்டுவிட்டு உன்னைத் தேடுவேன். அதற்குள் திரும்பி வந்து இதைப் படித்தால், தனியாக இருக்காதே. கீழே கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. என்ன மருந்து, எப்போது நிறுத்தினாய் என்பதை மறைக்காமல் சொல். அவர்கள் திட்டினால் திட்டட்டும். ஏணியில் ஏறாதே.

பேருந்து வந்துவிட்டது.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். கையெழுத்து சரியில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டதால் பேச்சும் சரியில்லை. எழுதுவது மேல்.

கதவைத் திறந்ததும் உன் கடிதம் காலில் பட்டது. எல்லாம் முடிந்த பிறகு படிப்பது வேடிக்கையாக இருந்தது.

எனக்கு எதுவும் நினைவில்லை. படியில் இறங்கியது தெரியும். பிறகு வெள்ளைக் கூரை. நடுவில் ஒரு பெண் வந்து என் பக்கத்தில் இருந்ததாக நர்ஸ் சொன்னார். "உங்க அக்காவா? நாங்க சொல்லியும் நகரவே இல்ல. நீங்க லேசா அசைய ஆரம்பிச்சதும் பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க." நீ போன பிறகு பேச்சு வந்து நான் கேட்ட முதல் கேள்வி, நீ எங்கே என்பதுதான்.

ஏன் போனாய்? கோபமா? கோபம் என்றால் எனக்குப் புரியும்.

எனக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று நர்ஸிடம் கேட்டேன். "அதை உங்க அக்காகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டார்.

மறுபடி எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. எதிர்வீட்டுக் கதவு பச்சைதான் என்பது மட்டும் இப்போது எனக்குத் தெரியும்.

தம்பி


ஆகஸ்ட் 10

தம்பி,

கோபம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு இதெல்லாம் எழுத வராது, வருகிற மாதிரி எழுதுகிறேன்.

உன் அறை பூட்டியிருந்தது. கடிதத்தைக் கதவுக்குக் கீழே போட்டுவிட்டு இறங்கினேன். ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். "காலைல படியில விழுந்துட்டாரும்மா. வலிப்பு நிக்கவே இல்ல. ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்பவும் உதறிட்டுதான் இருந்தார்" என்றார். ஆஸ்பத்திரியில் நீ தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாய். ஒரு வலிப்பு முடிந்து நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தது. முதலில் போட்ட மருந்துகள் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தின, பிறகு விட்டுவிட்டன. பொறுப்பில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. நீ என்ன சாப்பிட்டுவந்தாய் என்று சொன்னேன். "அப்ப அதையே நரம்புல ஏத்திடறோம். மூச்சு குறையலாம், அதுக்கும் தயாராத்தான் இருக்கோம். நீங்க வெளில இருக்கீங்களா?" என்று கேட்டார். இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

என் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. கிளினிக்கில் அந்த ஊசியைப் போட்டதும் என் கை தானாக விலங்கின் மார்பின் மேல் போய்விடும். அது நிற்கும்வரை எடுக்க மாட்டேன். நின்றதும் வளர்த்தவரிடம் "முடிஞ்சது" என்பேன். அன்றைக்கு மருந்து உன் நரம்பில் இறங்கத் தொடங்கியபோது பார்க்கிறேன், என் கை உன் மார்பின் மேல் இருக்கிறது. நான் வைக்கவில்லை, அதுவாகப் போய்விட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் கைக்குத் தெரிந்த முடிவு ஒன்றுதான்.

உன் விரல்கள் முதலில் அடங்கின. பிறகு தாடை. பிறகு தோள். எல்லாம் அடங்கியதும் அறையில் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. உன் மார்பு தாழ்ந்தது. நான் காத்திருந்தேன். அது எழுந்தது. மறுபடி தாழ்ந்து, மறுபடி எழுந்தது. டாக்டரம்மா "நின்னுடுச்சு" என்றார். அவர் சொன்னது வலிப்பை. எனக்கு அது புரிவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. நர்ஸ்தான் என் கையை எடுத்துவிட்டார்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். அந்த மருந்துக் குடும்பம்தான் உன்னைக் காப்பாற்றியது. எனக்கே அது இன்னும் முழுதாக ஜீரணமாகவில்லை.

ஏன் போனேன் என்று கேட்டாய். நீ தூங்கினால்தான் எல்லாருக்கும் நிம்மதி என்று எழுதியிருந்தாய். நீ கண் திறந்ததும் முதலில் பார்ப்பது, உன் தூக்கத்துக்குக் காவல் உட்கார்ந்திருக்கும் என்னையாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. வழியெல்லாம் அது சரியான காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் அதில் நம்பிக்கை போய்விட்டது.

ஜூலைக் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. அதை எழுதியவனில் ஒரு பகுதி நோய். தூக்கமில்லாத, தறிகெட்டு ஓடிய மூளை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவனை எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒரு மருத்துவப் பட்டதாரி சொல்லக் கூடாது.

சைக்கிள் விஷயம் நிஜம். நான் விட்டதும் நிஜம். ஆனால் நீ திரும்பிப் பார்த்தபோது நான் நின்றுகொண்டிருந்ததற்குக் காரணம் வேறு. அதுவரை உன் பின்னாலேயே ஓடிவந்தேன். மூச்சு முட்டித்தான் நின்றேன்.

வக்கீல் மறுபடி குரைக்கத் தொடங்கிவிட்டது. முழு வாதம் இல்லை, ஆட்சேபணை மட்டும். தையல்காரருக்கு அதுவே போதுமாம்.

அக்கா


செப்டம்பர் 21

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு நாள் ஆனதற்கு மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. உன் கடிதத்தை அடிக்கடி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். திருத்த எதுவும் அகப்படவில்லை.

அந்தச் சின்ன டாக்டரம்மாவிடமே இப்போது போகிறேன். முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். இரத்தம் பார்த்தார், எலும்பையும் பார்த்தார். பழைய மருந்து அப்படியே இருக்க, புதியது ஒன்றைச் சிறிதாகத் தொடங்கியிருக்கிறார். அது ஊன்றிய பிறகுதான் பழையதைக் குறைப்பாராம், துளித்துளியாக. வருடத்துக்கு மேல் ஆகலாம், முழுதாக விட முடியாமலும் போகலாம் என்றார். மது கூடாது, வேறு தூக்க மாத்திரை கூடாது, குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது. ஏணியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏறவும் மாட்டேன். வக்கீலுக்குக் கிடைத்த நியாயம் எனக்கும் கிடைத்துவிட்டது.

"இதெல்லாம் முடிஞ்சா நான் வேற ஆளா ஆயிடுவேனா?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "தெரியாது சார். மெதுவா இறங்குவோம். வழியில யாராவது தட்டுப்பட்டா நின்னு பாத்துக்கலாம்" என்றார்.

அச்சகத்தில் மறுபடி ஆமைதான். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கணக்கர் மட்டும் என் மேசை மூலையில் ஸ்பாஞ்சு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார், விழுந்தால் தலையில் படாமல் இருக்க. முன்பு என்றால் அவமானமாக இருந்திருக்கும். இப்போது மெய்ப்புப் பார்க்கும்போது முழங்கையை அதன் மேல் வைத்துக்கொள்கிறேன்.

நீ ஓடிவந்தது எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் நான் தனியாக ஓட்டியதாகவே நினைத்திருந்தேன். இந்த மாதம் முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் உன் கணக்கு தப்பு. கண் திறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அதில் நீ இருந்திருக்கலாம். நான் தூங்குவதை நீ பார்ப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, அக்கா. விழித்ததும் போய்விடுகிறாயே, அதில்தான் வருத்தம்.

கிளினிக்கை ஒரு நாள் கம்பவுண்டரிடம் விட்டுவிட்டு வா. வரும்போது அந்த ஜூலைக் கடிதத்தை எடுத்து வா. சிவப்பு மையும் மேசையும் என்னிடம் இருக்கின்றன. அதில் எது நடுக்கம், எது நான் என்று வரி வரியாக உட்கார்ந்து பார்க்கலாம். நீ நோய் என்று அடிப்பதில் சிலதை நான் திரும்பச் சேர்ப்பேன், அதற்கு நீ சண்டை போடக் கூடாது. எதிர்வீட்டுக் கதவையும் காட்டுகிறேன்.

மத்தியானம் மட்டும் எனக்கு இன்னும் தலை கனக்கிறது. காலைப் பேருந்தில் வந்துவிடு. விழித்திருப்பேன்.

ஆமை